காற்றுருளி கண்ட டன்லப்

சனிக்கிழமை விடியற்காலையில் கோவையிலிருந்து சிறுவாணிச் சாலையிலோ மருதமலைச் சாலையிலோ செல்வோர், தலைக்கவசம் அணிந்து, வளைந்த கைப்பிடியுடைய பந்தய மிதிவண்டிகளை உந்திச் செல்லும் இளைஞர் குழாத்தைக் காணாதிருத்தல் அரிது. அவர்கள் வழியோரத் தேநீர்க் கடையில் இறங்கி நின்று பேசும் பேச்சைச் செவிமடுத்தால், அஃது அரசியலும் அன்று, தேர்வும் அன்று. டயரைப் பற்றிய வழக்காகவே இருக்கும். உள்ளே டியூப் வைத்த டயர் ஏற்றதா, டியூப்பே இல்லாத டயர் ஏற்றதா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர். நம் விடுதி முற்றத்திலும் இவ்வழக்கு இவ்வாண்டில் பன்முறை நிகழ்ந்தது, முடிவுதான் காணப்படவில்லை. இதன் மூலத்தை அறிய விரும்புவோர், மறைந்து நூறாண்டு கடந்துவிட்ட ஒரு கால்நடை மருத்துவரின் வரலாற்றை அறிதல் வேண்டும். ஜான் பாய்டு டன்லப் என்பது அவர் பெயர்.

அவர் 1840-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேயத்தில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். எடின்பரோ நகரிற் கால்நடை மருத்துவம் பயின்று, பத்தொன்பதாம் வயதிலேயே அத்தொழிலுக்குரிய தகுதியைப் பெற்றார். நம்முள் பலர் இன்னும் விருப்பப்பாடம் யாதென்று தேர்ந்துகொண்டிருக்கும் வயது அது! 1867-இல் கடல் கடந்து அயர்லாந்திற் குடியேறினார். 1871-இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் அம்மையாரை மணந்தார். பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவ நிலையம் நாளடைவில் அத்தீவிலேயே பெரியனவற்றுள் ஒன்றென எண்ணத்தக்கதாய் வளர்ந்தது. தாடி நீண்ட, அமைதி மிக்க மனிதர். நாற்பத்தேழு வயது வரை அவர் பெயரை அவர்தம் ஊராரும் குதிரை வைத்திருப்போருமே அறிந்திருந்தனர்.

அக்காலத்து மிதிவண்டியின் நிலையை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். இரும்பு வளையத்தின்மேல் கெட்டி ரப்பர்ப் பட்டையைப் பதித்து ஓட்டினர். பெல்பாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லை எதிர்ப்படுங்கால், வண்டியையும் அதன்மேல் இருப்பவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டே அக்கல்லின்மீது ஏறியாக வேண்டும். அவ்வாறு தூக்குவதிற் செலவாகும் ஆற்றல் முன்னேறுவதற்குப் பயன்படாது. எலும்பைக் குலுக்குவதற்கே பயன்படும். டன்லப்பின் சிறு மகனுக்கு ஒரு மூன்றுசக்கர வண்டி இருந்தது. கல் பாவிய தெருவில் அவன் அதனை ஓட்டி இடர்ப்படுவதைத் தந்தை கண்டார். கண்டவர் பிறர் போல் இரங்கியதோடு நில்லாமல், 1887-ஆம் ஆண்டின் இறுதியில் தம் வீட்டு முற்றத்தில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

மெல்லிய ரப்பர்த் தகட்டால் ஒரு குழலைச் செய்தார். பெரியதொரு மரவட்டின் விளிம்பில் அதனை வைத்து, துணியால் உறையிட்டு, ஆணி அடித்து நிறுத்தினார். பந்துக்குக் காற்றடிக்கும் குழாயைக் கொண்டு அதனுள் காற்றை ஏற்றினார். பின்னர், வண்டியிலிருந்து கழற்றிய கெட்டிச் சக்கரத்தையும் காற்றேற்றிய மரவட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் முற்றத்தின் மறுகோடியை எய்துமுன்னரே தள்ளாடிச் சாய்ந்தது. மரவட்டோ முற்றம் முழுவதையும் கடந்து, வாயிற்கதவில் மோதித் திரும்பியது. மென்மையானது மெதுவாகச் செல்லும், வன்மையானதே விரைந்து செல்லும் என்று உலகம் எண்ணியிருந்த எண்ணம் அந்த ஒரு கணத்தில் பொய்த்தது. காற்று, கல்லைத் தன்னுள் விழுங்கிக்கொள்கிறது, வண்டி தூக்கப்படுவதில்லை. மகனுடைய நலம் கருதிச் செய்த பொருளிலிருந்து விரைவு தானே வந்து வாய்த்தது. இதனை இன்று டயர் வாங்கச் செல்வோர் மறத்தலாகாது. மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

1888 பெப்ரவரி 28-ஆம் நாள் இரவு, பின்சக்கரம் இரண்டிலும் காற்று டயர் பூட்டிய வண்டியை அச்சிறுவன் ஓட்டிப் பார்த்தான். அவ்வாண்டு சூலைத் திங்களில் தந்தை காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திசம்பரில் அது கிடைத்தது. அடுத்த ஆண்டு மே 18-இல் பெல்பாஸ்ட் அரசியார் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லியம் ஹியூம் என்னும் ஓட்டுநர் புதிய டயரோடு களத்திற் புகுந்தார். தடித்த அச்சக்கரங்களைக் கண்டு கூட்டம் நகைத்தது. பந்தயங்கள் முடிந்தபொழுது நகைத்தவர் வாயடைத்து நின்றனர். புகுந்த பந்தயம் ஒவ்வொன்றிலும் ஹியூமே வென்றிருந்தார். பின்னர் லிவர்பூல் நகரிலும் அவருக்கு வெற்றிகள் வாய்த்தன. அவரிடம் தோற்றவருள், அயர்லாந்து மிதிவண்டியாளர் சங்கத் தலைவரான ஹார்வி டூ குரோ என்பாரின் மைந்தரும் இருந்தனர். மைந்தர் தோற்றதைக் கண்டு சினவாமல், தோற்பித்த பொருளைத் தேடிச் சென்றார் அவ்வணிகர். அவர் முயற்சியால் 1889-இல் டப்ளின் நகரில் டயர்க் கழகம் ஒன்று தோன்றிற்று. டன்லப் தம் உரிமையை அதற்கு அளித்து, சிறு பங்கு ஒன்றைப் பெற்றுக்கொண்டார்.

இந்நிலையிலேதான் இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று 1890-இல் அறிவிக்கப்பட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தியர், டன்லப் ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை பெற்றிருந்தார். தோல் உறைக்குள் ரப்பர் பூசிய துணிக்குழலை வைத்துக் குதிரை வண்டியிற் பூட்டி, இலண்டன் மாநகரப் பூங்கா ஒன்றில் ஓட்டியும் காட்டியிருந்தார். ஆயினும், அப்பொழுது மிதிவண்டி இன்றைய வடிவில் உலகில் இல்லை. மெல்லிய ரப்பர் அருமையும் விலையும் மிகுந்தது. காலம் கனியாமையால் அவருடைய சக்கரம் மறக்கப்பட்டது. 1873-இல் தாம்சனும் இறந்தார். டன்லப் களவு செய்தாரல்லர். தாம்சனைப் பற்றி அறியாமலே தாமும் கண்டார். எனினும் சட்டத்தின் முன் முந்தியவனே உரியவன். முதலிற் கண்டவர் தாம்சன், உலகிற்கு வழங்கியவர் டன்லப் என்று இருவரையும் ஒருங்கே போற்றுவதே நேர்மையென்பது என் கருத்து. ஒருவர் பெயரை மட்டும் பாடப்புத்தகத்தில் அச்சிடுவது, ஈட்டியவன் ஒருவனாக இருக்கத் தாலந்தை மற்றொருவன் கணக்கில் எழுதுவதை ஒக்கும்.

இனி டன்லப்பின் டயருக்கு இருந்த குறையைக் கூறுவேன். நம் விடுதி வழக்கு அக்குறையிலிருந்தே பிறந்தது. முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் தைத்தால் துணியைப் பிரித்து, குழலை வெளியே எடுத்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் ஒட்டிக் காயவிடல் வேண்டும். 1890-இல் வெல்ச் என்பவர் விளிம்பிற் கம்பி வளையம் கோத்த டயரையும், பார்ட்லெட் என்பவர் விளிம்பு தடித்த டயரையும் கண்டனர். கழகம் அவ்விரண்டு உரிமைகளையும் விலைக்கு வாங்கிப் பிழைத்தது. பிரான்சு நாட்டு மிஷலின் உடன்பிறந்தாரும் 1891-இல் எளிதிற் கழற்றத்தக்க டயரைச் செய்தனர். அன்று முதல் டியூப் வேறு, டயர் வேறு. நம் ஊர்ப் பஞ்சர்க் கடைக்காரர் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிப் பட்டை ஒட்டும் கலை அனைத்தும் அம்மாற்றத்தின் பயனே.

ஆனால் முள் ஒழியவில்லை. ஆதாமின் காலந்தொட்டு நிலம் முள்ளைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. கொங்குநாடோ அதனைத் தாராளமாகத் தருகிறது. காங்கயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சூழ்ந்து முட்கிளுவை வேலி நிற்கும்; உள்ளே வெள்வேல மரம் நிற்கும். சாலையோரமெங்கும் சீமைக் கருவேலம், தரையில் நெருஞ்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், வேலியில் இருந்த முள் சாலைக்கு வந்துவிடும். ஒரு காலைப் பயணத்தில் மூன்று முறை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு டியூப் மாற்றியவனிடம் டன்லப்பின் பெருமையைப் பேசினால் அவன் கேட்கமாட்டான்.

டியூப் இல்லா டயர் இதற்கு விடையாகவே வந்தது. அமெரிக்காவில் குட்ரிச் கழகத்தார் 1947-இல் அதனை மோட்டார் வண்டிக்கு அறிமுகம் செய்தனர். மலைப்பாதை மிதிவண்டிக்கு 1999-இலும், சில ஆண்டுகளுக்குப் பின் சாலை மிதிவண்டிக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் இயல்பு இதுவாகும்: டயரின் விளிம்பு ரிம்மின் விளிம்பில் இறுகப் பொருந்திக் காற்றை அடைக்கும், கம்பித் துளைகளின்மேல் ஒட்டுநாடா மூடி நிற்கும், உள்ளே சிறிதளவு ரப்பர்ப் பால் கலந்த நீர்மம் ஊற்றப்பட்டிருக்கும். முள் தைத்தவுடன் காற்றோடு வெளிப்படும் அப்பால் துளையிலேயே உறைந்து அதனை அடைத்துவிடும். டன்லப்பின் காலத்தில் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்த அந்த மரத்தின் பாலே, இன்று டயராகவும் டயரின் மருந்தாகவும் இரு வேலை செய்கிறது. மரத்தின் காயத்தை ஆற்றும் பால் சக்கரத்தின் காயத்தையும் ஆற்றுதல் வியப்பன்றோ?

மற்றொரு நன்மை, டன்லப்பின் முற்றத்தில் நாம் விட்டுவந்த செய்தியோடு இயைந்தது. டியூப் உள்ள டயரிற் காற்றைக் குறைத்தால், குழியில் இறங்கும்பொழுது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைத் துளை படும். அதற்கு அஞ்சியே முற்காலத்துப் பந்தய ஓட்டுநர் 23 மில்லிமீட்டர் டயரில் 100 பவுண்டுக்கு மேலும் காற்றடித்துக் கல்லைப் போல ஓட்டினர். அஃதாவது, டன்லப் விட்டொழித்த கெட்டிச் சக்கரத்திற்கே பாதி வழி திரும்பினர். டியூப் இல்லையேல் நசுங்குவதற்கு ஒன்றும் இல்லை. 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரில், உடலின் எடைக்கேற்ப 60, 70 பவுண்டு அளவிற் காற்றடித்து, நம் ஊர் ஒட்டுப்போட்ட சாலைகளிலும் குலுக்கமின்றி விரையலாம்.

ஆயினும் எல்லோரும் அதனையே வாங்குக என்று நான் கூறேன். நம் நாட்டு வெயிலில் அப்பால் சில திங்களில் வறண்டுவிடும். மீண்டும் ஊற்றாதவனுக்கு அந்த டயரால் பயனில்லை. டயரை முதன்முதல் ரிம்மிற் பொருத்தக் காற்றை ஒரே வீச்சிற் செலுத்தல் வேண்டும். கைப்பம்பு பெரும்பாலும் தோற்கும். பக்கம் கிழிந்தால் பால் உதவாது. ஆதலின் டியூப் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே செல்லல் வேண்டும். விளிம்பிற் கொக்கியில்லாத புதுவகை ரிம்களில் சுமார் 72 பவுண்டுக்கு மேற் காற்றடித்தல் கூடாது. அவ்வகைக்கு உரியதென்று டயர் செய்தோரே குறித்த டயரன்றிப் பிறிதொன்றைப் பூட்டவும் கூடாது. பூட்டினால் ஓட்டத்தின் நடுவே டயர் கழன்று உயிருக்கே இடர் நேரும். விடுதிக்கும் கல்லூரிக்கும் இடையே மட்டும் ஓட்டும் மாணவனுக்குப் பஞ்சர்க் கடையும் பழைய டியூப்பும் போதும். முள்நிலத்தில் நாளும் நெடுந்தொலைவு செல்வோன் மிகுதியான பொருளைச் செலவிடலாம். எவன், எந்தச் சாலையில் என்று முதலிற் கேட்பதே முறை. தன் மகன், இந்தக் கல் தெரு என்று அம்மருத்துவர் தொடங்கியதும் அவ்விடத்திலேயே.

அவருடைய பிற்காலம் ஆரவாரமற்றது. டப்ளினுக்குக் குடிபெயர்ந்தவர், கழகத்தாரோடு மனம் ஒவ்வாமல் 1895-இல் விலகினார். மறு ஆண்டே அக்கழகம் 30 இலட்சம் பவுன் விலைக்குக் கைமாறி, மேலும் பெருந்தொகைக்கு மக்களிடம் பங்குகளாக விற்கப்பட்டது. அந்தச் செல்வத்திற் பங்கின்றி, அவர் துணி வணிகம் ஒன்றில் ஈடுபட்டு நாட்களைக் கழித்தார். விளம்பரங்களிலோ அவருடைய தாடி முகத்தை ஓர் ஆடம்பரக்காரனின் உடலோடு பொருத்தி வரைந்து உலகெங்கும் ஒட்டினர். தம் உருவம் அவ்வாறு திரிக்கப்பட்டது அவருக்கு வருத்தம் தந்தது. பொருளை இழந்ததற்கு வழக்காடாதவர் இதற்கு வருந்தினார் என்பதிலிருந்து அவர் இயல்பை உய்த்துணரலாம். 1921-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் தம் எண்பத்தோராம் வயதில் காலமானார். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதிய நூல் அவர் மறைந்தபின்னரே வெளிவந்தது.

குதிரைகளைப் பேணிய அவர்தம் கண்டுபிடிப்பு நம் நாட்டுக் காளைகளுக்கும் உதவியதை இங்குக் குறிக்காமல் விடுதல் தகாது. இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கர வண்டியை இழுத்து வருந்திய மாடுகள், டயர் வண்டி வந்தபின் அதே சுமையைத் தளர்ச்சியின்றி இழுத்தன. கொங்குநாட்டு முதியோரைக் கேட்டால் இந்த வேற்றுமையைச் சொல்வர். அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை வங்காளத்துச் சாகஞ்சில் 1936-இலும், சென்னையையடுத்த அம்பத்தூரில் 1959-இலும் எழுந்தது. அம்பத்தூர் ஆலையில் இன்று டயர் உருவாவதில்லை. ஆயினும் அவ்விடத்துப் பேருந்து நிறுத்தத்தை மக்கள் இன்றும் டன்லப் என்றே வழங்குகின்றனர்.