செடியின் வேருக்குள் பாக்டீரியா எப்படி நுழைந்தது? ரகசியத்தைத் திறந்த பெய்ஜரிங்க்கின் கதை

ஒரு நிலக்கடலைச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் முழுக்க மிளகு சைஸில் குட்டிக் குட்டி முடிச்சுகள் தெரியும். முதல் பார்வையில் ஏதோ நோய் தாக்கியது போலத்தான் இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம்.

அது நோய் இல்லை. உள்ளே லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடியே இடம் கொடுத்து, சாப்பாடும் போட்டு வைத்திருக்கிறது. இந்தப் பாக்டீரியாவை 1888-ல் முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் நெதர்லாந்து விஞ்ஞானி மார்ட்டினஸ் வில்லெம் பெய்ஜரிங்க். யார் இவர்? இவருடைய கண்டுபிடிப்புக்கும் செடிகளின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன தொடர்பு?

திவாலான வியாபாரியின் மகன்

1851 மார்ச் 16-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர் பெய்ஜரிங்க். அப்பாவுக்குப் புகையிலை வியாபாரம். அது நொடித்துப்போனதும் குடும்பம் நார்டன் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். பையனுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அப்பாதான்.

மனசு முழுக்கத் தாவரங்கள் மேல் இருந்தாலும், டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது வேதியியல். அங்கே கூடப் படித்த நண்பர் வாண்ட் ஹாஃப். பின்னாளில், 1901-ல், வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை வாங்கியவர் அவர்தான்.

படிப்பு முடிந்ததும் பெய்ஜரிங்க் ஆசிரியர் வேலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே 1877-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆராய்ச்சித் தலைப்பு, செடிகளில் பூச்சிகளால் உண்டாகும் கரணைகள். ஒரு பூச்சி முட்டையிட்டால் இலை ஏன் புடைத்து வீங்குகிறது? வெளியிலிருந்து வரும் ஓர் உயிர், செடியின் வளர்ச்சியை எப்படித் தன் வசதிக்கு மாற்றுகிறது? இந்தக் கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை.

ஈஸ்ட் கம்பெனியில் பிறந்த கண்டுபிடிப்பு

1885-ல் டெல்ஃப்ட்டில் இருந்த ஈஸ்ட், சாராயத் தொழிற்சாலை ஒன்று அவரை பாக்டீரியா நிபுணராக வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. தொழிற்சாலை வேலைக்கு நடுவிலும் அவரது கவனம் செடிகள் பக்கமே போனது.

அன்றைய ஐரோப்பாவுக்கு நைட்ரஜன் பெரிய தலைவலி. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. யூரியா தொழிற்சாலைகள் இல்லாத காலம் அது. பெருவிலிருந்து பறவை எச்சத்தையும், சிலியிலிருந்து வெடியுப்பையும் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்து வயலில் போட்டார்கள்.

1886-ல் ஜெர்மனியின் ஹெல்ரீகல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கிருமி நீக்கிய மணலில் பட்டாணி வளர்த்தால் நைட்ரஜன் இல்லாமல் வாடுகிறது. அதே மணலில் கொஞ்சம் வயல் மண் கரைசலை ஊற்றினால் வேரில் முடிச்சு வந்து, செடி தேறிவிடுகிறது. அப்படியென்றால் மண்ணில் உள்ள ஏதோ ஓர் உயிர்தான் இந்த வேலையைச் செய்கிறது. அது எது என்பதுதான் தெரியவில்லை.

பெய்ஜரிங்க் செடியின் இலைச் சாற்றை ஜெலட்டினில் கலந்து, முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை அதில் தனியாக வளர்த்தார். அது 1888. இரண்டு வருடம் கழித்து, இப்படி வளர்த்த பாக்டீரியாவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாபா பீன்ஸ் செடிகளுக்குக் கொடுத்து, முடிச்சு வருவதையும் காட்டினார். இன்று நாம் ரைசோபியம் என்று சொல்வது இந்தப் பாக்டீரியா குடும்பத்தைத்தான்.

சரி, செடி ஏன் விரட்டவில்லை?

செடிக்கும் நோய் எதிர்ப்பு அமைப்பு உண்டு. கிருமி உள்ளே வந்தால் அடையாளம் கண்டு எதிர்க்கும். பிறகு எப்படி ரைசோபியத்தை மட்டும் உள்ளே விடுகிறது? பெய்ஜரிங்க் காலத்தில் இதற்குப் பதில் இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது.

நைட்ரஜன் பற்றாக்குறை வந்தால் வேர், ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதைக் கண்டுகொள்ளும் ரைசோபியம், பதிலுக்கு நாட் காரணி என்ற சிக்னலை அனுப்புகிறது. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை அணைத்துக்கொள்கிறது. மெல்லிய குழாய் போன்ற பாதை உருவாகி, பாக்டீரியா உள்ளே போகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாட் காரணியின் முதுகெலும்பும், பூஞ்சைகளின் உடலில் இருக்கும் கைட்டினும் ஒரே மாதிரி அமைப்பு. பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் செடியின் சென்சாரும், ரைசோபியத்தை அடையாளம் காணும் சென்சாரும் நெருங்கிய சொந்தக்காரர்கள். எதிரியைப் பிடிக்கும் அதே வகைக் கருவியை வைத்துத்தான் நண்பனையும் செடி தெரிந்துகொள்கிறது. சிக்னல் பொருந்தினால் எதிர்ப்பு அடங்கும். பொருந்தாவிட்டால் கதவு திறக்காது.

எல்லா வேர் பாக்டீரியாவும் உள்ளே போய்க் குடியேறுவதில்லை. வேரைச் சுற்றியே வாழ்பவையும் ஏராளம். வேரைச் சூழ்ந்த இந்த மண் பகுதிக்கு 1904-ல் ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர். செடியின் ஆரோக்கியமே இங்குள்ள நுண்ணுயிர்களைப் பொறுத்தது என்பது அவர் கருத்து.

அதற்கு வலுவான சான்று 1991-ல் பெய்ஜரிங்க்கின் சொந்த நாட்டிலேயே கிடைத்தது. கார்னேஷன் செடிகளின் வேரில் சூடோமோனாஸ் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். வாடல் நோய்ப் பூஞ்சையைத் தண்டில் செலுத்தினார்கள். இரண்டும் நேரில் சந்திக்கவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. வேரில் இருந்த பாக்டீரியா, செடி முழுவதையும் உஷார்படுத்திவிட்டது என்று அர்த்தம். நோய் வரும் முன்பே தயாராக இருப்பதால், கிருமி வந்தவுடன் செடி வேகமாகவும் பலமாகவும் எதிர்க்கிறது.

தேடியது கிடைக்கவில்லை, வைரஸ் கிடைத்தது

பெய்ஜரிங்க்கின் பெயர் உலகம் முழுக்கப் பரவக் காரணம் இன்னொரு செடி. அப்பாவைக் கைவிட்ட அதே புகையிலை.

புகையிலையின் தேமல் நோய்க்கும் பாக்டீரியாதான் காரணம் என்று அவரும் தேடிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. 1895-ல் டெல்ஃப்ட்டில் பேராசிரியர் ஆன பிறகு திரும்பவும் தொடங்கினார். நோயுற்ற இலைச் சாற்றை, பாக்டீரியா தாண்ட முடியாத பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. உயிருள்ள செடிக்குள் அது பெருகவும் செய்தது.

1898-ல், இது பாக்டீரியாவே இல்லை, வேறு வகைத் தொற்று என்று துணிந்து அறிவித்தார். வைரஸ் என்ற சொல்லையும் பயன்படுத்தினார். ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி 1892-லேயே இதேபோல வடிகட்டிப் பார்த்தவர். அது தெரியவந்ததும் முதலில் செய்தவர் அவரே என்று பெய்ஜரிங்க் ஒப்புக்கொண்டார். ஆனால் இது புது வகை என்று தெளிவாகச் சொன்னதில் முந்தியவர் பெய்ஜரிங்க்.

கூட்டு வாழ்க்கையைக் கண்டவர், தனியாக வாழ்ந்தவர்

ஆய்வகத்தில் பெய்ஜரிங்க் பயங்கரக் கறார். மாணவர்களை எல்லோர் முன்னாலும் கடுமையாகத் திட்டிவிடுவார். விஞ்ஞானி கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தானும் செய்துகொள்ளவில்லை. அவருடன் வேலை செய்வது பலருக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஒரு செடியும் பாக்டீரியாவும் ஒத்துப்போவதை அவ்வளவு பொறுமையாகக் கவனித்தவருக்கு, பக்கத்து மேசையில் இருந்த மனிதர்களிடம் அந்தப் பொறுமை வரவில்லை.

நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 70 வயதில், 1921-ல் ஓய்வுபெற்று, சகோதரிகளுடன் கோர்செல் கிராமத்துக்குப் போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்கக்கூடிய ஒரு சுருள் பாக்டீரியாவைப் பற்றி 1925-ல் எழுதினார். 1931 ஜனவரி 1-ம் தேதி, 79 வயதில் காலமானார்.

நம்ம ஊர் வயலில் பெய்ஜரிங்க்

அந்தச் சுருள் பாக்டீரியாவின் இன்றைய பெயர் அசோஸ்பைரில்லம். ஆமாம், நம்ம ஊர் வேளாண் விரிவாக்க மையங்களில் பாக்கெட்டில் கிடைக்கிறதே, அதே குடும்பம்தான். பயறு வகைகளுக்கு ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம், நோய் வராமல் தடுக்க சூடோமோனாஸ் என்று விவசாயிகள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கிறார்கள். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது என்பார்கள். காரணம் எளிது. பாக்கெட்டில் இருப்பது உரம் மட்டுமல்ல, உயிர். வெயிலோ விஷமோ பட்டால் செத்துவிடும். விதையோடு உயிரோடு மண்ணுக்குள் போனால்தான், வேர் அனுப்பும் சிக்னலுக்கு அதனால் பதில் சொல்ல முடியும்.