சீபோம் ரௌன்ட்ரீ

சீபோம் ரௌன்ட்ரீ (ஜூலை 7, 1871 - அக்டோபர் 7, 1954) வறுமையை அளவிட்டு ஆராய்ந்த பிரித்தானிய சமூக ஆய்வாளரும் தொழிலதிபரும் ஆவார். இங்கிலாந்தின் யார்க் நகரில் சாக்லெட் தொழில் நடத்திய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார்.

முதல் ஆய்வு

1899 இல் யார்க்கின் 11,560 தொழிலாளர் குடும்பங்களின் விவரங்களை வீடு வீடாகத் திரட்டச் செய்தார். உடல்நலம் குன்றாது வாழ, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 சில்லிங் 8 பென்ஸ் தேவை எனக் கணித்தார். செய்தித்தாள், புகையிலை, தொடருந்துக் கட்டணம் ஆகியன இதில் அடங்கா. இத்தனை கடுமையான அளவுகோலிலும் நகர மக்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு வருமானம் போதவில்லை. அவர்களுள் பாதிப்பேரின் வறுமைக்குக் காரணம் வேலையின்மையன்று, வேலை செய்தும் கிடைத்த குறைந்த கூலியே. வறுமை சோம்பலின் விளைவு என்ற அக்காலக் கருத்தை இம்முடிவு அசைத்தது. ஆய்வு 1901 இல் நூலாக வெளிவந்தது.

நலச் சட்டங்களும் பின்னைய ஆய்வுகளும்

லாயிட் ஜார்ஜ் உள்ளிட்ட லிபரல் கட்சித் தலைவர்களிடம் இந்நூல் செல்வாக்குப் பெற்றது. 1908 ஆம் ஆண்டுச் சட்டம் 70 வயதை எட்டிய ஏழைகளுக்கு வாரம் 5 சில்லிங் வரை ஓய்வூதியம் அளித்தது. 1911 ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் நோயுற்ற தொழிலாளருக்கு உதவியது. அவர்தம் மனைவி மக்களுக்கு மருத்துவ உதவி இல்லை. முதன்மைக் காரணமான குறைந்த கூலியோ, 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிகச் சில தொழில்களில் மட்டுமே சீர்செய்யப்பட்டது. எனவே குறைந்தபட்சக் கூலியையும் குடும்பப் படியையும் ரௌன்ட்ரீ 1918 இல் வெளிவந்த நூலில் வலியுறுத்தினார்.

1936 இல், சற்றுத் தாராளமான அளவுகோலுடன் யார்க்கை மீண்டும் ஆராய்ந்தபோது தொழிலாளர் வகுப்பினருள் 31 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். 1950 இல் இது 3 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்ததாக அவர் அறிவித்தார். அப்போது முதுமையே பெருங்காரணமாக இருந்தது. எனினும் அவ்வாய்வுப் படிவங்களை மீள்பரிசீலித்த பிற்கால ஆய்வாளர்கள், உண்மை அளவு அதனினும் மிகுதி என்று கண்டனர்.