நாவலும் மகிழும்

2019 முதற் கள்ளக்குறிச்சி மாவட்டத்ததாகிய திருநாவலூருக்குத் தலவிருட்சம் நாவல். அங்குச் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் புதல்வராய் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார், திருவாரூரிற் குடிபுகுந்த பின்னரும் தம் பதிகங்களிற் பலவிடத்தும் தம்மை நாவலூரர் என்றே குறித்தருளினார். பிறந்த ஊரின் மரம் வாழ்நாள் முழுதும் அவர் பெயரிலே உடன்வந்தது.

மற்றொரு மரம் அவரைச் சோதித்தமையைச் சேக்கிழார் வாயிலாக அறிகின்றோம். திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுறவேண்டிய பொழுது, சந்நிதியில் உறுவதற்கு அஞ்சி, இறைவனை மகிழின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டினார். இறைவனோ, அம்மகிழின்கீழேயே சூள்பெறுமாறு சங்கிலியார்க்கு உணர்த்தியருளினான். சூள் பிழைத்து ஆரூர்க்குப் புறப்பட்ட நாயனார் இரு கண்களும் இழந்தார். ஒன்றைக் காஞ்சியிலும் மற்றொன்றை ஆரூரிலும் பெற்றார்.

எங்கும் நிறைந்த பொருள் மரத்தினும் நிறைந்துளது. ஒற்றியூரில் மாசிதோறும் மகிழடி சேவை காணும் நாம் இதனை மறவாதிருப்போமாக.