காத்திருந்த பெரோஸ்

காதல் என்ற சொல் காதில் விழுந்தால் நம் விடுதி அறைகளில் உறங்குபவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவர். ஊரை விட்டு, உற்றாரை விட்டு, வேறு மொழி பேசும் பூனா நகருக்குப் படிக்க வந்த நமக்கு அது வெறும் கதைப்பொருள் அன்று. நாளைய வாழ்க்கைப் பொருள். எனக்கு வயது இருபத்துமூன்று. பௌதிகம் படிக்கிறேன். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் சாதகம், குலம், கோத்திரம் ஆகிய சொற்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. உங்களில் பலருக்கும் இதே நிலை என்பதை நான் அறிவேன். ஆதலால்தான், காதலித்தவளிடம் கேட்டு, மறுக்கப்பட்டு, காத்திருந்து, கைப்பிடித்த ஒருவரின் வரலாற்றை இங்கே எழுத முற்பட்டேன்.

பெரோஸ் காந்தி 1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியடிகளுக்கு அவர் உறவினர் அல்லர். தந்தையார் கப்பல் பொறியாளர். தந்தை மறைந்தபின் தாயோடு அலகாபாத்துக்குச் சென்று, அங்கே மருத்துவராக இருந்த தாயின் சகோதரியின் ஆதரவில் வளர்ந்தார்.

1930-ஆம் ஆண்டு. ஈவிங் கிறித்தவக் கல்லூரி வாயிலில் பெண்கள் மறியல் செய்தனர். முன்னின்றவர் நேருவின் துணைவியார் கமலா. கடும் வெயிலில் கமலா மயங்கி விழ, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களுள் ஒருவரான பெரோஸ் ஓடிச்சென்று உதவினார். அன்றோடு கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் குதித்தார். சிறை சென்றார், லால் பகதூர் சாஸ்திரியும் பைசாபாத் சிறையில் அவரோடு இருந்தார். நேரு இல்லமான ஆனந்த பவனத்தில் அவர் பிள்ளைபோல் ஆனார். அங்கேதான் இந்திராவையும் கண்டார்.

இந்த இடத்தில் நம் பூனாவும் கதைக்குள் வருகிறது. பெற்றோர் இருவரும் மாறிமாறிச் சிறை புகுந்ததால், வக்கீல் தம்பதியர் இந்நகரில் நடத்திவந்த பள்ளியில் 1931-இல் இந்திரா சேர்க்கப்பட்டார். 1932 செப்டம்பரில் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணா நோன்பிருந்தபோது, சிறைக்குச் சென்று அவரைக் கண்டார். இந்திரா இவ்வாறு பூனாவில் பயின்ற காலத்தில், 1933-இல், பெரோஸ் முதன்முறை தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பெண்ணோ இன்னும் பதினாறு நிறையாதவர். வயது போதாது என்று தாயும் மகளும் மறுத்துவிட்டனர்.

மறுக்கப்பட்ட ஆண்மகன் என்ன செய்வான்? நம் திரைப்படக் கதாநாயகனாயின் தாடி வளர்ப்பான். அல்லது தெருத்தெருவாய்ப் பின்தொடர்வான். பெரோஸ் இரண்டையும் செய்யவில்லை. காசநோயால் வாடிய கமலாவுக்குப் பணிவிடை செய்தார். போவாலி மருத்துவ நிலையத்திற்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்று உடனிருந்தார். 1936 பிப்ரவரி 28 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கமலா உயிர்நீத்தபோது, அருகிலிருந்தவர்களுள் அவரும் ஒருவர்.

தாயை இழந்த இந்திரா இங்கிலாந்தில் படிப்பைத் தொடர்ந்தார். பெரோஸ் இலண்டன் பொருளியல் பள்ளியில் பயின்றார். 1937-இல் இருவரும் பாரிசு நகருக்குச் சென்றிருந்தனர். மோன்மார்த்தர் குன்றின்மேல் வெண்ணிறமாய் நிற்கும் சாக்ரே கேர் ஆலயத்தின் படிகளிலே பெரோஸ் மீண்டும் கேட்டார். இம்முறை இந்திரா இசைந்தார். மோதிர விழா இல்லை, தாம்பூலம் மாற்றவில்லை, சாட்சிக்குப் பெரியோர் இல்லை. அயல்நாட்டுப் படிக்கட்டிலே இரு மாணவர்கள் செய்துகொண்ட உறுதி, அவ்வளவே. அதை அவர்கள் நெடுநாள் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தனர்.

பின்னர் இந்திரா நோயுற்றார், போரும் மூண்டது. 1941-இல் இருவரும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் தாயகம் திரும்பினர். அப்போதும் நேரு எளிதில் இணங்கவில்லை. காந்தியடிகளின் கருத்து நாடப்பட்டது. அவர் ஆராய்ந்து ஆதரவளித்தார். செய்தி வெளியானதும் வசைக் கடிதங்கள் குவிந்தன. காந்தியடிகள் தம் ஏட்டிலேயே அவற்றுக்கு விடையிறுத்தார். அந்நாளில் இந்துவும் பார்சியும் தத்தம் மதத்தைத் துறவாமல் மணந்துகொள்ளச் சட்டத்தில் வழியே இல்லை. எனினும் 1942 மார்ச் 26, இராமநவமியன்று ஆனந்த பவனத்தில் திருமணம் நடந்தது. நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ச் சேலையே மணமகளின் உடை. முதன்முறை கேட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்! ஆறு திங்களுக்குள் இருவரும் சிறையில் இருந்தனர்.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிக்கும். ஆனால் வாழ்க்கை மணப்பந்தலில் முடிவதில்லை. இராசீவ், சஞ்சய் என இரு மக்கள் பிறந்தனர். நேருவின் இல்லப் பொறுப்பு இந்திராவைத் தில்லிக்கு இழுத்தது. பத்திரிகைப் பணி பெரோசை இலட்சுமணபுரியில் நிறுத்தியது. பின்னர் 1952-இல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும், பிரதமர் மாளிகை அவருக்கு வீடாகவில்லை. தமக்கெனத் தனி வீட்டில் வாழ்ந்தார். பிளவு வளர்ந்தது.

மன்றத்தில் அவர் மாமனாரின் ஆட்சியையே கேள்வி கேட்டார். 1957 டிசம்பரில் முந்திரா விவகாரத்தை எழுப்பினார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு தனி வணிகரின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது ஏன் என்று அவர் தொடுத்த வினாக்களின் விளைவாக நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில், நம் தமிழகத்தவரான நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஏடுகள் அச்சமின்றி வெளியிட வழிசெய்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் தனியுறுப்பினராய்க் கொணர்ந்ததே. நெருக்கடி நிலையின்போது அதனை நீக்கியது இந்திராவின் ஆட்சி! 1977-இல் அது மீண்டும் உயிர்பெற்றது.

1960 செப்டம்பர் 8 அன்று, நாற்பத்தெட்டு நிறைய நான்கு நாள் இருக்கையில், மாரடைப்பால் பெரோஸ் மறைந்தார். கேரளத்திலிருந்து விரைந்து வந்த இந்திரா அருகிலிருந்தார்.

இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது. இன்று நமக்கு 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் உண்டு. மதத்தைத் துறக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு இல்லாத வழி நமக்குத் திறந்திருக்கிறது. ஆனால் சட்டம் தர இயலாதவை இரண்டு. மறுப்பை மதித்துக் காத்திருக்கும் பண்பு ஒன்று. அது பெரோசிடம் இருந்தது. மணந்தபின் ஒரே கூரையின் கீழ் இருவர்க்கும் இடம் காணும் திறன் மற்றொன்று. அது அவ்விருவருக்கும் கைகூடவில்லை. காதலிக்கும் தோழர்களே, தோழியரே! கேட்பதற்குத் துணியுங்கள்; விடைக்குப் பொறுங்கள்; இசைவு கிடைத்த அன்றே இரண்டாவதையும் பேசத் தொடங்குங்கள்.