ரேச்சல் கார்சன்

ரேச்சல் கார்சன் 1907-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் எனும் சிற்றூரில் பிறந்தார். எழுத்தாளராகும் ஆசையோடு கல்லூரிக்குச் சென்றவரை உயிரியல் பாடம் ஈர்த்துக்கொண்டது. 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் அரசாங்க மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951-இல் அவர் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. மறு ஆண்டே வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அக்காலத்தில் டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளை விமானங்களிலிருந்து தெளிப்பது வழக்கம். கொசுமருந்து தெளித்தபின் தம் வீட்டருகே பறவைகள் மடிந்து கிடந்ததை 1958-இல் தோழி ஒருவர் கடிதம்வழி தெரிவித்தார். கார்சன் சான்றுகளைத் தேடத் தொடங்கினார்.

அவற்றுள் மனத்தை உலுக்குவது கலிபோர்னியாவின் கிளியர் ஏரி பற்றியது. அங்கே மீன்பிடிக்க வருவோருக்குத் தொல்லை தந்த சிறு பூச்சிகளை ஒழிக்க, 1949 முதல் 1957 வரை மூன்று முறை டி.டி.டி. குடும்பத்தைச் சேர்ந்த இரசாயனம் ஒன்றைக் கலந்தார்கள். அளவோ மிகச் சொற்பம். இறுதி முறைகூட 50 மில்லியன் பங்கு நீருக்கு ஒரு பங்குதான்! சில நாளில் நீரைச் சோதித்தபோது நஞ்சின் சுவடே இல்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று? நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதை உறிஞ்சிக்கொண்டன. அவற்றைச் சிறுமீன்கள் தின்றன. சிறுமீன்களைப் பெருமீன்கள் தின்றன. மீனுண்ணும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில், நீரில் கலந்ததைப்போல் ஏறக்குறைய 80,000 மடங்கு நஞ்சு சேர்ந்திருந்தது. ஆயிரம் இணைகளுக்கு மேல் வாழ்ந்த ஏரியில் 1960-இல் எஞ்சியவை சுமார் 30 இணைகளே.

செடிகளுக்கு இட்ட மருந்தும் நீருயிர்களை விடவில்லை. வயோமிங் மாநிலத்தில் மேய்ச்சல் புல்லுக்காகப் புதர்களின்மீது களைக்கொல்லி தெளித்தார்கள். ஓடைக்கரை வில்லோ மரங்களும் சேர்ந்து கருகின. அம்மரங்களை உண்டு, அவற்றால் அணைகட்டி வாழ்ந்த நீர்நாய் போன்ற பீவர் விலங்குகள் அகன்றன. அணை உடைந்தது, ஏரி வற்றியது, மீன்களும் மறைந்தன.

இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. கமுந்திங்கிற்கு வடக்கே, புக்கிட் மேரா ஏரி நீர் பாயும் கிரியான் வயல்களில் ஒருகாலத்தில் நெல்லோடு செப்பாட் மீனும் விவசாயிகளுக்கு வருவாய் தந்தது. இருபோகச் சாகுபடியோடு பூச்சிக்கொல்லியும் பெருகவே, அம்மீன்வளம் குன்றியது.

கார்சனின் 'மௌன வசந்தம்' 1962-இல் வெளிவந்தது. இரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. விளைவறியாமல் வாரி இறைப்பதையே எதிர்த்தார். இதைப் பலர் வேண்டுமென்றே மறைத்தனர். அப்போது அவரைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. தெரிந்தால், நோயின் கசப்பில் எழுதியதாக எதிரிகள் திரித்துவிடுவர் என்று அதை வெளியே சொல்லவில்லை. 1963-இல் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கருத்துகளைப் பெரிதும் ஆதரித்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், தமது 56-ஆம் வயதில் கார்சன் காலமானார். வேளாண்மையில் டி.டி.டி.-ஐப் பயன்படுத்த அமெரிக்கா தடை விதித்தது 1972-இல்தான்.