கொல்லன் மகன் மைக்கேல் பாரடே



பெரியோர் வரலாற்றை நாம் படிப்பது, அவர்கள் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவதற்காக மட்டும் அன்று. நம் வாழ்வை உயர்த்திக்கொள்ள ஒரு வழி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், தாம் போற்றும் ஒருவரைக் கண்டு வியந்து, கைதட்டிவிட்டு வீடு திரும்புவோரே பலர். அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து அத்துடன் மனநிறைவு அடைவோரும் உளர். போற்றியவரைப் போலவே உழைக்கத் தொடங்கி, முடிவில் அவரையும் விஞ்சி நின்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மைக்கேல் பாரடே.

மைக்கேல், 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் என்னும் இடத்தில் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். உடல்நலம் குன்றியவர், வேலைக்குச் செல்லும் நாளைவிடச் செல்ல இயலாத நாள் கூடிக்கொண்டே வந்தது. வீட்டில் பிள்ளைகள் நால்வர். 1801இல் நாட்டில் தானிய விலை கடுமையாக ஏறியபோது, மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவன் பள்ளிப் படிப்பு முடிந்தது.

13 வயதில் அவன் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதே முதல் வேலை. அடுத்த ஆண்டில், நூல் கட்டும் தொழிலைப் பழக 7 ஆண்டு ஒப்பந்தத்தில் அங்கேயே அமர்த்தப்பட்டான். அக்காலத்தில் தொழில் பழகுவோர் முதலாளிக்குப் பணம் கட்டுவது வழக்கம். சிறுவனின் உழைப்பையும் நேர்மையையும் கண்ட ரீபோ அப்பணத்தை வாங்கவில்லை.

பிறர் நூல்களைக் கட்டுவதற்காகக் கையில் எடுத்த மைக்கேல், அவற்றைத் திறந்து படிக்கவும் செய்தான். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவன் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூலும் அவன் கைக்கு வந்தது. நூலில் சொல்லப்பட்டது உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் சிறு கூலியில் மிச்சம் பிடித்துச் சில பொருள்களை வாங்கினான். அரைப்பென்னிக் காசுகள் ஏழு, அதே அளவில் வெட்டிய துத்தநாகத் தகடுகள் ஏழு, இடையிடையே உப்புநீரில் நனைத்த தாள். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மின்கலத்தைத் தானே செய்துவிட்டான்!

ஐசக் வாட்ஸ் என்பார் மனத்தை வளர்க்கும் முறை குறித்து எழுதிய நூல் அவனுக்கு ஆசானாக அமைந்தது. படித்ததைக் குறித்து வைத்தல், அறிஞர் சொற்பொழிவுகளைக் கேட்டல், கற்றதை நண்பருடன் கலந்து பேசுதல் ஆகிய அந்நூலின் அறிவுரைகளை அவன் மறுநாளைக்குத் தள்ளிவைக்கவில்லை. ஒரு குறிப்பேடும் தொடங்கினான்.

1810ஆம் ஆண்டில் டேட்டம் என்பவர் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். மைக்கேலிடம் அப்பணம் இல்லை. தந்தை அதே ஆண்டில் காலமானார். அண்ணன் இராபர்ட்டும் தந்தையைப் போல் பட்டறையில் சம்மட்டி அடிக்கும் கொல்லரே. எனினும் தம்பிக்கு வேண்டிய ஷில்லிங்கை அந்த அண்ணன் கொடுத்தார். உலகம் பாரடேயை அறியும். அவருக்கு ஷில்லிங் கொடுத்த அண்ணனை அவ்வளவாக அறியாது. பெற்றோர்களே, மூத்த பிள்ளைகளே, இதனைச் சற்று நினைத்துப் பாருங்கள்!

அக்காலத்தில் இலண்டன் மாநகரமே வியந்து போற்றிய வேதியியல் அறிஞர் சர் ஹம்ப்ரி டேவி. அவரும் எளிய குடியில் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, ஒரு மருத்துவரிடம் தொழில் பழகி மேலே வந்தவர். சோடியம், பொட்டாசியம் என்னும் உலோகங்களை 1807இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர். 1812இல், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி ஆற்றவிருந்த நான்கு சொற்பொழிவுகளுக்கான நுழைவுச் சீட்டுகளை மைக்கேலுக்கு அளித்தார்.

அந்த அரங்கில் செல்வச் சீமான்களும் சீமாட்டிகளும் நிறைந்திருந்தனர். அவர்களுள் பலர் கேட்டு மகிழ்ந்து கலைந்தனர். மாடத்தில் அமர்ந்திருந்த நூல் கட்டும் இளைஞனோ ஒரு சொல்லும் விடாமல் குறித்துக்கொண்டான். வீட்டிற்கு வந்து அக்குறிப்புகளைத் திருத்தமாக எழுதினான். கருவிகளின் படங்களை வரைந்தான். ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட அந்த ஏட்டைத் தான் கற்ற தொழிலாலேயே அழகாகக் கட்டி, அறிவியல் பணியில் ஏதேனும் ஓர் இடம் தருமாறு வேண்டும் கடிதத்துடன் டேவிக்கு அனுப்பி வைத்தான். இதற்கு முன்பே அவன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதற்கு மறுமொழியே வரவில்லை. அதனால் அவன் சோர்ந்துவிடவில்லை.

டேவி அவனை அழைத்துப் பேசினார். ஆனால், இடம் எதுவும் காலியாக இல்லையென்றும், கைத்தொழிலை விட்டுவிட வேண்டாமென்றும் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பணியிலிருந்து நீக்கப்படவே, டேவியின் நினைவுக்கு வந்தது அந்தக் கட்டப்பட்ட ஏடுதான். 1813ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், 21 வயதில், மைக்கேல் பாரடே அங்கே உதவியாளர் ஆனார். குப்பிகளைக் கழுவுவதும் கருவிகளை எடுத்து வைப்பதும் அவர் கடமைகளாயின.

அதே ஆண்டில் டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் சென்றார். அங்கே வோல்ட்டா, ஆம்பியர் போன்ற அறிஞர்களைச் சந்திக்கும் பேறு கிடைத்தது. ஆனால், டேவியின் துணைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் மிக வருந்தினும், கற்க வேண்டியதைக் கற்றே பாரடே நாடு திரும்பினார்.

பின்னர் மற்றொரு சோதனை வந்தது. 1821இல், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி பாரடே செய்து காட்டினார். மின்மோட்டாருக்கு அதுவே வித்து. மாணவரின் புகழ் வளர வளர, ஆசானுக்கும் மாணவருக்கும் இடையே மனக்கசப்பு எழுந்தது. 1824இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராக இருந்த டேவியே அதனை எதிர்த்தார். எனினும் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இத்தனைக்குப் பின்னும் பாரடே தம் ஆசானைத் தூற்றவில்லை. டேவியிடம் பெற்ற அறிவை என்றும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நாம் போற்றுவோரும் குறையுள்ள மனிதரே. குறையை விடுத்து நிறையை ஏற்பதே கற்பவர் கடமையாகும்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் உலக வரலாற்றில் ஒரு பொன்னாள். இரும்பு வளையம் ஒன்றின் இருபுறமும் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒரு சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சியும் நிறுத்தியும் பாரடே சோதித்தார். அவ்வேளைகளில் மட்டும் மற்றச் சுருளிலும் மின்னோட்டம் தோன்றியது! அடுத்த சில வாரங்களில், காந்த முனைகளுக்கு இடையே செம்புத் தட்டு ஒன்றைச் சுழற்றி இடைவிடாத மின்னோட்டத்தைப் பெற்றார். முன்னாளில் நம் தோட்டங்களில் மாலை வேளையில் ஓடி, லயங்களுக்கு விளக்கொளி தந்த மின்னாக்கியும், இன்று நாடெங்கும் மின்சாரம் வழங்கும் பெரிய மின்நிலையங்களும் இத்தத்துவத்தின் வழி வந்தவையே.

தோட்டத்து மக்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 1826இல், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ரப்பர்ப் பாலைப் பாரடே ஆராய்ந்தார். தூய ரப்பர், கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரண்டே தனிமங்களால் ஆனது என்பதையும், அவை எவ்விகிதத்தில் சேர்ந்துள்ளன என்பதையும் கண்டறிந்தார். அவர் மறைந்து 10 ஆண்டுகள் கழித்தே, 1877இல், ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து பின்னர் மலாயாவில் பரவின. பல தோட்டங்களில் இன்று செம்பனை நின்றாலும், நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து வெட்டிய அதே பாலை, அதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஒரு கொல்லன் மகன் ஆராய்ந்திருந்தார்.

பாரடேக்கு உயர்நிலைக் கணிதம் தெரியாது. அக்குறையை உழைப்பால் ஈடுசெய்தார். செய்த சோதனைகளை நாள்தோறும் எண்ணிட்டு எழுதி வந்தார். அவ்வெண் 16,000ஐயும் தாண்டியது. அவர் கருத்துகளுக்குப் பின்னாளில் மேக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணித வடிவம் தந்தார். புகழின் உச்சியிலும் பாரடே சர் பட்டத்தை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்துவிட்டார். ஆனால், சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடத்தப்பெறும் சொற்பொழிவுத் தொடரை மட்டும் 19 முறை தாமே ஆற்றினார். ஒரு சாதாரண மெழுகுவத்தியைக் கொண்டே அறிவியலின் பெருவாயிலை அவர்களுக்குத் திறந்து காட்டினார். முன்பு மாடத்தில் அமர்ந்து கேட்ட ஏழை இளைஞனை அவர் மறக்கவில்லை போலும்! 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அம்மேதை அமைதியாகக் கண்மூடினார்.

மாணவர்களே! உங்களுக்கும் போற்றத்தக்க ஒருவர் இருப்பார். அவர் அறிஞராகலாம், விளையாட்டு வீரராகலாம், உங்கள் தோட்டத்திலிருந்தே படித்து உயர்ந்த ஓர் அண்ணனோ அக்காளோ ஆகலாம். அவர் எப்படி உழைத்தார் என்று கேட்டறியுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியவற்றுள் ஒன்றையேனும் இன்றே செய்து பாருங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு நூலுக்கோ குறிப்பேட்டுக்கோ காசு கேட்கும்போது, இராபர்ட் கொடுத்த ஷில்லிங்கை நினைவிற் கொள்ளுங்கள். வறுமை நம் வீட்டு வாசலில் நிற்கலாம். அது நம் பிள்ளைகளின் அறிவுக்குத் தாழ் போட நாம் இடந்தரலாகாது.

உழைப்போம்; கற்போம்; உயர்வோம்!