டிராகுலாவை எழுதியவர் யார்? பிராம் ஸ்டோக்கரின் நாவல் பகடை விளையாட்டாக மாறியது எப்படி?

'லோகா' படம் வந்த பிறகு கள்ளியங்காட்டு நீலியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனா, நாகர்கோவில் பக்கத்துல இருக்கிற கள்ளியங்காட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த நீலியை, நாஞ்சில் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வில்லுப்பாட்டில் கேட்டு நடுங்கியிருக்கிறார்கள். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருபவள், வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்பவள் என்று பாடுகிற புலவருக்குத் தகுந்தபடி கதை கொஞ்சம் மாறும். முதலில் யார் கட்டியது என்று கேட்டால் பதில் இல்லை. அதனால யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது.

உலகம் முழுக்கத் தெரிந்த இன்னொரு பேய்க்கதை டிராகுலா. அதற்கு ஆசிரியர் உண்டு. அவர் பெயர் பிராம் ஸ்டோக்கர். சினிமா, சீரியல், வெப் சீரிஸ் எல்லாம் தாண்டி, இன்னைக்கு நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி விளையாடும் ஆட்டமாகவும் அவர் கதை ஆகிவிட்டது. அந்த மனிதர் யார்? அவர் கதை அவர் கையைவிட்டு எப்படிப் போச்சு? பார்ப்போம்.

படுக்கையில் கழிந்த ஏழு வருஷம்

அயர்லாந்தின் டப்ளின் நகரத்தை ஒட்டிய கிளான்டார்ஃபில் 1847 நவம்பர் 8 அன்று பிறந்தார் ஸ்டோக்கர். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். சின்ன வயதில் என்ன நோய் என்றே தெரியாமல் ஏழு வயது வரை படுக்கையிலேயே கிடந்தார்.

அந்த நாட்களில் துணைக்கு இருந்தது அம்மா சார்லெட் சொன்ன கதைகள். 1832இல் ஸ்லைகோ என்ற ஊரில் காலரா பரவியபோது அவர் அங்கே சிறுமி. நோய் வந்த வழிப்போக்கர் ஒருவரைத் தொடப் பயந்து, நீளமான கழிகளால் குழிக்குள் தள்ளி உயிரோடு புதைத்த சம்பவத்தை எல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். செத்தும் சாகாத ஒருவன் என்ற எண்ணம் ஸ்டோக்கர் மனதில் எங்கிருந்து விழுந்தது என்று தேடுபவர்கள் முதலில் வந்து நிற்பது இந்தக் கதைகளில்தான்.

பிறகு பையன் தேறினார். நன்றாகவே தேறினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பெயர் வாங்கிய விளையாட்டு வீரர் ஆனார்.

பகலில் ஃபைல், ராத்திரியில் நாடகம்

அப்பா வழியிலேயே அரசு வேலை. அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்று, 1879இல் வெளியான நீதிமன்ற கிளார்க்குகளுக்கான கடமைக் கையேடு. டிராகுலாவை எழுதியவர்தான் இதையும் எழுதினார் என்றால் நம்ப முடிகிறதா?

ஆசை முழுக்க நாடகத்தின் மேல். ஒரு டப்ளின் பத்திரிகைக்குச் சம்பளமே வாங்காமல் நாடக விமர்சனம் எழுதினார். 1876இல் ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகரின் ஹாம்லெட்டைப் பார்த்து எழுதிய விமர்சனம் வாழ்க்கையை மாற்றியது. இர்விங் கூப்பிட்டுப் பேசினார். நட்பு வளர்ந்தது. 1878இல் லண்டன் லைசியம் தியேட்டருக்கு மேனேஜராக வரச் சொன்னார். அரசு வேலையை விட்டுவிட்டு, அதே வருஷம் டிசம்பரில் ஃபுளோரன்ஸ் பால்கோம்பைத் திருமணம் செய்துகொண்டு லண்டன் போய்விட்டார் ஸ்டோக்கர்.

அடுத்த 27 வருஷம் இர்விங்கின் நிழல் மாதிரி இருந்தார். கணக்கு, கடிதம், அமெரிக்கப் பயண ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. மகனுக்குக்கூட இர்விங் என்று பெயர் வைத்தார். கிடைத்த நேரத்தில்தான் எழுத்து.

நேரில் பார்க்காத டிரான்சில்வேனியா

1890இல் இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு ஓய்வுக்குப் போனார். அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் எழுதிய ஒரு பழைய வரலாற்று நூலில் கண்ணில் பட்ட பெயர் டிராகுலா. அதுவரை அவர் குறிப்புகளில் வில்லன் பெயர் வேறு. 1885இல் அதே கடற்கரையில் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் கரை தட்டிய தகவலும் கிடைத்தது. நாவலில் அது டெமீட்டர் கப்பல் ஆனது.

நம்ம வேதாளத்துக்கும் இந்தக் காலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன், இர்விங் வழியாக ஸ்டோக்கருக்குப் பழக்கமானவர்.

டிராகுலாவின் கோட்டை இருப்பதாக எழுதிய டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒருநாளும் போனதில்லை. மேப், பயண நூல், ரயில் நேர விவரம் இவற்றை வைத்தே எழுதினார். ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு 1897 மே மாதம் நாவல் வெளியானது.

நாவலுக்குள்ளேயே ஒளிந்திருந்த ஆட்டம்

டிராகுலாவைப் படமாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி. டிராகுலாவின் கோணத்தில் ஒரு அத்தியாயம்கூட கிடையாது. ஒரு வக்கீல், ஒரு டீச்சர், ஒரு டாக்டர், ஒரு பேராசிரியர், ஒரு பிரபு, ஒரு அமெரிக்கர் என்று ஆளுக்கொரு திறமை உள்ள கூட்டம் அவனைத் தேடுகிறது. சிதறிக் கிடக்கும் குறிப்புகளை எல்லாம் டைப் அடித்து, தேதி வரிசையில் அடுக்கி, துப்பு கண்டுபிடிக்க வழி செய்பவர் மினா.

எதிரிக்கும் விதிகள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்கள் அழைத்தால்தான் முதல்முறை உள்ளே நுழைய முடியும். சொந்த மண் நிரப்பிய 50 பெட்டிகள்தான் அவன் தங்குமிடம். அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். மினாவையும் அவன் கடித்துவிட்டதால் காலக்கெடு வேறு.

கூட்டாளிகள், துப்பு, விதி, கெடு. பின்னால் வந்த மேசை விளையாட்டுக்குத் தேவையான எல்லாமே 1897லேயே தயாராக இருந்தது.

கடைசிக் காலம்

நாவல் பாராட்டு வாங்கியது. பணம் பெரிதாக வரவில்லை. 1905இல் இர்விங் இறந்தார். வேலையும் போனது. அடுத்த வருஷம் ஸ்டோக்கரைப் பக்கவாதம் தாக்கியது. 1911இல் கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கான உதவி நிதிக்கு விண்ணப்பம் போடும் நிலை.

1912 ஏப்ரல் 20 அன்று லண்டனில் இறந்தார். டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அப்போதும் இர்விங்கின் மேனேஜர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அடுத்த வருஷம் டிராகுலாவுக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகள் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது வெறும் 2 பவுண்டு சொச்சம். இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

படத்தை அழிக்கச் சொன்ன கோர்ட்

மனைவி ஃபுளோரன்ஸுக்கு மிச்சம் இருந்தது கணவரின் புத்தக உரிமைதான். 1922இல் ஜெர்மனியில் 'நோஸ்ஃபெராட்டு' படம் வந்தது. டிராகுலா கதைதான். ஆனா பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, அனுமதியே கேட்காமல் எடுத்துவிட்டார்கள். ஃபுளோரன்ஸ் வழக்கு போட்டார். படக் கம்பெனி திவால் ஆனதால் நஷ்டஈடு கிடைக்கவில்லை. எல்லாப் பிரதிகளையும் அழிக்க 1925இல் கோர்ட் உத்தரவிட்டது.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனா சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்று உலக சினிமாவின் முக்கியமான படங்களில் அதுவும் ஒன்று. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்று நாம நம்புகிறோமே, அது ஸ்டோக்கர் எழுதியது இல்லை. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், சக்திதான் குறையும். வெயிலில் சாகும் முடிவு அந்தத் திருட்டுப் படம் தந்தது.

பிறகு முறையான அனுமதியோடு மேடை நாடகம், 1931இல் பெலா லுகோசி நடித்த ஹாலிவுட் படம் என்று வளர்ந்தது. இதற்கிடையில் இன்னொரு அதிர்ச்சி. அமெரிக்காவில் காப்புரிமைக்கான நடைமுறைகள் சரியாக முடிக்கப்படவில்லை என்பது தெரிய வந்தது. அங்கே அந்த நாவலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் உரிமை 1962 வரை நீடித்தது.

மேசைக்கு வந்த டிராகுலா

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரிஸில் பசங்க விளையாடுவது இதைத்தான்.

எப்படி விளையாடுவது? ஒருவர் கதை சொல்லி. கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கோட்டைக் கதவு தானாகத் திறக்கிறது என்று அவர் சொல்வார். உள்ளே போவதா, ஓடுவதா என்று நீங்க முடிவெடுக்கணும். முயற்சி பலிக்குமா என்பதை 20 முகம் உள்ள பகடை தீர்மானிக்கும். வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்ல, குடமும் உடுக்கையும் பக்கப்பாட்டும் கூடவே வரும் இல்லையா? இங்கே பக்கப்பாட்டுக்காரர்களே கதையின் போக்கையும் மாற்றலாம். முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி இந்த ஆட்டத்துக்காக எழுதிய 'ரேவன்லாஃப்ட்' சாகசம் 32 பக்கம்தான். நிலவறை ஒன்றில் காரணமே இல்லாமல் ரத்தக்காட்டேரி நிற்பது டிரேசிக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு ஒரு ஊர், ஒரு கோட்டை, ஒரு பழைய பாவம் வேண்டும் என்று யோசித்து உருவாக்கிய வில்லன் ஸ்ட்ராட். தம்பி கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் மேல் ஆசைப்பட்டு, தம்பியையே கொன்றவன். பெயர் வேறு, சாயல் டிராகுலாதான்.

இதில் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. ஆட்டத்தில் குறி சொல்லும் பெண் சீட்டு எடுப்பார். வில்லனின் நோக்கம் என்ன, அவனை வீழ்த்தும் பொருட்கள் எங்கே என்பதை அந்தச் சீட்டுதான் முடிவு செய்யும். அதனால இன்னொரு முறை விளையாடினால் கதை மாறிவிடும். அந்தப் பொருட்களில் ஒன்று, சூரிய ஒளியைத் தரும் வாள். கோர்ட் அழிக்கச் சொன்ன படத்தின் வெயில் இங்கேயும் வந்துவிட்டது. 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்ற பெயரில் இது பெரிய புத்தகமாகவே வெளியானது.

2015இல் வந்த 'டிராகுலா டாசியர்' இன்னும் ஒரு படி மேலே. ஸ்டோக்கரின் நாவல் உண்மையில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ரகசிய அறிக்கை, பாதியை வெட்டிவிட்டு நாவலாக வெளியிட்டார்கள் என்பது அதன் கற்பனை. வெட்டுப்படாத முழு நாவலும் ஆடுபவர்கள் கையில் கொடுக்கப்படும். அதைப் படித்துத் துப்பு தேடணும். மினா செய்த அதே வேலை!

அப்போ இது யாருடைய கதை?

ஸ்டோக்கருக்குக் காசு வரவில்லை என்பது உண்மை. ஃபுளோரன்ஸ் போராடியதிலும் தப்பில்லை. எழுதியவரின் குடும்பம் உதவி நிதியை எதிர்பார்த்து நிற்க, யாரோ படம் எடுத்துச் சம்பாதிப்பது எந்தக் காலத்திலும் அநியாயம்தான். ஆனா ஃபுளோரன்ஸ் முழுசா ஜெயித்திருந்தால் நோஸ்ஃபெராட்டு இல்லை, வெயிலில் எரியும் பேய் இல்லை, ஸ்ட்ராடின் சூரிய வாளும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. எழுதியவர் இருக்கும்வரை, அவர் குடும்பத்துக்குத் தேவை இருக்கும்வரை, உரியதைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கதை ஊருக்குப் பொது. காப்புரிமைச் சட்டங்கள் காலக்கெடு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

நீலிக்கு ஆசிரியர் பெயர் இல்லை, அவள் எப்போதோ எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டாள். டிராகுலா அந்த இடத்துக்கு வர ஒரு மனிதரின் ஏழு வருஷமும், அவர் மனைவியின் வழக்கும் தேவைப்பட்டன. அடுத்த தடவை டிராகுலா படமோ ஆட்டமோ பார்த்தால், லைசியம் தியேட்டர் வேலை போக மிஞ்சிய நேரத்தில் இதை எழுதிய மேனேஜரின் பெயரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்: பிராம் ஸ்டோக்கர்.